திறந்துவிடலாம் என்ற முடிவு

"ஒரு ராத்திரி விட்டுப் பார்க்கலாம் சார்" என்று என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் சொன்னதும், "வேண்டாம் அண்ணே, சேம்பரைத் திறந்துடலாம்" என்று நான் சொன்னதும் இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எலெக்ட்ரான் கன் என்பது வெற்றிடச் சேம்பருக்குள் எலெக்ட்ரான் கற்றையை உண்டாக்கும் கருவி. அதில் உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் மின்காப்பான அலுமினா செராமிக் அன்று 42 கிலோவோல்ட்டில் ஃப்ளாஷ் ஆனது, அதாவது அதன் பரப்பு வழியே மின்சாரம் பாய்ந்துவிட்டது. அப்புறம் 40, அப்புறம் 37. மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிப் பழக்கும் கண்டிஷனிங்கில் ஒவ்வொரு சின்ன முறிவுக்குப் பிறகும் தாங்கும் மின்னழுத்தம் ஏற வேண்டும். இறங்கினால் பரப்பு கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. வெற்றிடத்தில் முதலில் கைவிடுவது செராமிக்கின் மேற்பரப்புதான். அதே நீள வெற்று இடைவெளிகூட அதைவிட அதிகம் தாங்கும். எதிர்மின்வாயான கேத்தோடும் செராமிக்கும் வெற்றிடமும் சந்திக்கும் விளிம்பில் மின்புலம் குவிந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். அவை பரப்பில் மோத, இன்னும் அதிகமான எலெக்ட்ரான்கள் வெளிவரும். எலெக்ட்ரான்களை இழந்த பரப்பு நேர்மின்னேற்றம் அடைந்து, அடுத்து வருபவற்றையும் தன் பக்கமே இழுக்கும். இந்த மோதல்களில் செராமிக்கில் ஒட்டியிருந்த வாயு கிளம்பும். கடைசி முறிவு நடப்பது அந்த வாயுவுக்குள்தான்.

"அடுத்தடுத்து ஏத்திட்டோம். வாயு வெளியே போக நேரமே கொடுக்கல" என்றார். அழுத்தம் காட்டும் கேஜ் 10⁻⁶ மில்லிபாரில் அசையாமல் நின்றது. ஆனால் அது இருப்பது பம்ப் பக்கம். பரப்பை ஒட்டி நடப்பதை அது காட்டாது. இது எனக்கும் தெரியும்.

திறந்தோம். கேத்தோடு முனையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நான் நினைத்தது சரிதான் என்று தோன்றியது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த ஃப்ளாஷ்ல வந்ததுன்னு சொல்ல முடியாதே சார்."

புது செராமிக் போட்டோம். கூடவே அந்த விளிம்பில் மின்புலத்தைக் குறைக்க ஒரு உலோக வளையமும். 60 கிலோவோல்ட் நின்றது. தேதி நெருங்கிய வேலையில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுச் சோதிக்க நேரம் கிடைக்காது. வளையம் எப்படியும் வேண்டியதுதான். தாங்கியது எதனால் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சேம்பர் காலியானதும் பழைய செராமிக்கை வளையம் இல்லாமல் பொருத்தி, அவர் கேட்ட நேர இடைவெளி விட்டு ஏற்றலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஆனால் காற்றுப்பட்டு ஈரம் ஏறிய பரப்பு அது. சூடாக்கி பேக் செய்தாலும் அன்றைய நிலைக்கு அப்படியே திரும்பாது. 42-ஐத் தாண்டினாலும் சரி, தாண்டாவிட்டாலும் சரி, இரண்டு பேருக்கும் சொல்ல ஒரு காரணம் மிச்சம் இருக்கும்.