மாமனார், மருமகன், நடுவில் ஓர் அடுப்பு

மாமியார் மருமகள் சண்டைக்கு எத்தனையோ சீரியல் இருக்கிறது. மாமனார் மருமகன் சண்டையை யாரும் கண்டுகொள்வதில்லை. சத்தமே வராமல், 'வாங்க போங்க' மரியாதை ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் நடப்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது கூடத்து மூலையில் இருக்கும் விறகு அடுப்பை வைத்து நடந்தது.

குளிருக்கு அறையைச் சூடாக்குகிற இரும்பு அடுப்பு அது. கண்ணாடிக் கதவு, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் புகைபோக்கி, கதவுக்குக் கீழே ஒரு சின்னக் கைப்பிடி. கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் உள்ளே காற்று நிறையப் போகும், இடது பக்கம் தள்ளினால் அடைபடும். போர் அந்தக் கைப்பிடிக்காகத்தான்.

குளிர்காலத்துக்கு எங்களோடு இருக்க வந்த என் அப்பா, விறகு எரிவதைப் பார்த்தே வளர்ந்தவர். "கட்டை நின்னு எரியணும்" என்பது அவர் கொள்கை. படுக்கப் போகும்முன் பெரிய கட்டை ஒன்றை உள்ளே திணித்து, கைப்பிடியை இடது கோடிக்குத் தள்ளிவிடுவார். விடிய விடியக் கனன்றுகொண்டே கிடக்கும், விறகும் மிச்சம். என் வீட்டுக்காரர் வீடியோ பார்த்து அடுப்பு கற்றவர். அப்பாவின் குறட்டை கேட்டதும் பூனை மாதிரி இறங்கி வந்து கைப்பிடியை வலது பக்கம் தள்ளிவிட்டுப் போவார். தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் சாக்கில் அப்பா மறுபடி இடது பக்கம் தள்ளுவார்.

"மாமா, கொஞ்சம் காத்து போகட்டுமே."

"போகட்டுமே மாப்பிள்ளை, நானா வேண்டாங்கறேன்?" என்று சொல்லும்போதே அப்பாவின் விரல் கைப்பிடியை நகர்த்திக்கொண்டிருக்கும்.

இந்த விஷயத்தில் நியாயம் என் வீட்டுக்காரர் பக்கம்தான். இருவர் முன்னாலும் அதை நான் சொல்லமாட்டேன், குடும்பம் நடத்த வேண்டாமா? காற்றை அடைத்தால் விறகிலிருந்து வரும் புகை முழுசாக எரிவதில்லை. எரியாத புகை மேலே போய், சூடு குறைந்த குழாயில் பட்டுக் குளிர்ந்து, தார் போலப் படிகிறது. கிரியோசோட் என்பார்கள். அது தடித்துக் கிடக்கும்போது ஒரு பொறி பட்டால் புகைபோக்கியே பற்றிக்கொள்ளும். உள்ளே 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூடப் போகும், ரயில் வருகிற மாதிரி உறுமும். அப்படி ஆனால் தண்ணீர் ஊற்றக் கூடாது. முடிந்தால் காற்றை அடைத்துவிட்டு எல்லோரும் வெளியேறி, தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும்.

விறகு விஷயத்தில் ஜெயித்தவர் அப்பா. வீட்டுக்காரர் இரண்டு முள் வைத்த ஈரமானி ஒன்றை வாங்கி, அடுக்கியிருந்த விறகின் வெட்டுமுனையில் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போனார். 17, 18 என்று காட்டியது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. "பாருங்க மாமா, சுக்கு மாதிரி காஞ்சிருக்கு." அப்பா எதுவும் பேசாமல் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். தொப்பென்றது. "காஞ்ச விறகு டங்குன்னு பேசும் மாப்பிள்ளை. மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கண்ணாடி நாளுக்கு நாள் கறுத்தது. உங்கள் விறகு ஈரம் என்று ஒருவர், உங்கள் காற்று அடைப்பு என்று இன்னொருவர். வாயால் சொன்னால்தானே மரியாதைக் குறைவு? எல்லாம் பார்வையிலேயே நடந்தது.

நடுவில் ஒரு சமாதான நாள் வந்தது. வீட்டுக்காரர் அடுப்பைத் தலைகீழாக அடுக்கினார்: பெரிய கட்டை அடியில், அதன்மேல் சின்னது, உச்சியில் சுள்ளி, அதற்கும் மேலே நெருப்பு. அப்பா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், வேடிக்கை பார்க்க. அது புகையே இல்லாமல் பற்றி மெதுவாகக் கீழே இறங்கி எரிந்தது. மேலே பிடிக்கும் தீ குழாயை முதலில் சூடாக்கிவிடுவதால் புகை நேராக ஏறிவிடுகிறது, கீழிருந்து கிளம்பும் வாயுவும் தீயைத் தாண்டித்தானே போயாக வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காத்து நல்லா இருக்கு" என்றார். எங்கள் வீட்டு அகராதியில் அது ஒரு பெரிய பாராட்டு.

கடைசியில் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்தார். குளிர் தொடங்கும்முன் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய வேலை அது. கம்பும் பிரஷும் விட்டு இழுத்ததில் பளபளவென்று கறுப்புச் செதில் கொட்டியது. "யார் காத்தை அடைக்கறது?" என்று கேட்டார். வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். அடுத்து சுத்தம் செய்ய வந்தவர் ஒரு கட்டையைக் கோடரியால் இரண்டாகப் பிளந்து, பிளந்த உள்முகத்தில் ஈரமானியைக் குத்தினார். 31. முனை சீக்கிரம் காயும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், அதனால் பிளந்துதான் பார்க்க வேண்டுமாம். பிரகாசம் அப்படியே அப்பா முகத்துக்கு மாறியது.

போகும்போது இருவருக்கும் வேலை கொடுத்துவிட்டுப் போனார். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றி இடுக்கை அடைக்கும் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அது வீட்டுக்காரர் இலாகா. அணைந்ததாகத் தோன்றும் சாம்பலில் கங்கு சில நாட்கள்வரை உயிரோடு இருக்கும், அதனால் மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, வீட்டை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். அது அப்பா இலாகா. கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் பொறுப்பு. மணமும் நிறமும் இல்லாத விஷவாயு அது, மூக்கை நம்ப முடியாது. மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிச் சோதித்தால் போதும். மருமகன் பகல் தூக்கத்தில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் அப்பா சோதிப்பார்.

கைப்பிடி இப்போது நடுவுக்குச் சற்று வலது பக்கம், கண்ணாடி வழியாகத் தீ நன்றாகத் தெரியும் இடத்தில் நிற்கிறது. எல்லைக்கோடு மாதிரி சாக்பீஸால் குறித்துவைத்திருக்கிறோம். எரிக்கச் சூளையில் உலர்த்திய விறகு வாங்கியாகிவிட்டது. ஈர விறகு முழுவதையும் இருவரும் சேர்ந்து பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று போகிற மாதிரி அடுக்கினார்கள். வேலை முடிந்து கையைத் தட்டிக்கொண்டே அப்பா கேட்டார்:

"இது காய இன்னும் எவ்வளவு நாளாகும் மாப்பிள்ளை?"

"ஒரு வருஷமாவது ஆகும் மாமா."

"அப்போ அடுத்த குளிருக்கும் நான் வந்துதான் ஆகணும்."

"கட்டாயம் வாங்க மாமா" என்றார் வீட்டுக்காரர். அன்று ராத்திரி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, விறகை ஆறு மாதத்தில் காயவைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்பதுதான்.