பொங்கலுக்குக் கண்மாய், மே மாதத்துக்கு அலையாத்தி: செட்டிநாட்டில் கயாக்

காரைக்குடிக்குக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) கொண்டுபோகிறோம் என்றால், அந்த வறண்ட சீமையில் தண்ணீர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். தண்ணீர் இருக்கிறது. மாதத்துக்கு மாதம் இடம்தான் மாறுகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும்போது கண்மாய்கள், அதாவது பாசன ஏரிகள், பெருகிக் கிடக்கும். அதே நாட்களில் தொண்டிக் கடல், வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றில் கலங்கிக் கொந்தளிக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில் பாதிக் கண்மாய்களில் மாடு மேயும். அப்போது கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி (மாங்ரோவ்) காட்டுப் பக்கம்தான் போக வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதை ஊருக்குப் போகும் தேதியே முடிவு செய்துவிடுகிறது.

ஊரணியை முதலிலேயே விட்டுவிடுங்கள். படித்துறையும் தெளிந்த நீருமாகப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் குடிநீர் ஊரணிகளில் கால் நனைப்பதையே பல ஊர்களில் ஒப்புக்கொள்வதில்லை. கோயில் தெப்பக்குளமும் அப்படித்தான். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கும் படகு கூடாது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காதவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கண்மாயைத் தேர்வு செய்ய எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி, அது வற்றிக் கிடக்கும்போது எடுத்த படத்தைப் பார்ப்பது. கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களைப் புரட்டும் வசதி உண்டு. ஏப்ரல், மே மாதப் படத்தை எடுத்தால், ஜனவரியில் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் எல்லாமே வெளியே தெரியும்: கருவேலங்கூட்டம், வண்டல் அள்ளிய பள்ளங்கள், உள்ளே ஓடும் வண்டிப்பாதை. சதுரமாக, கருமையாகத் தெரிவது பெரும்பாலும் அள்ளிய குழி. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அங்கே ஒரே எட்டில் ஆளுயரத்துக்குள் போய்விடுவார். அடுத்து மழைக்குப் பிந்திய படத்தைத் திறந்து, நீர்ப்பரப்பின் நீள அகலத்தை அளவுகோல் கருவியால் அளந்துகொள்ளுங்கள்.

இந்த அகலம் ஏன் முக்கியம் என்றால், காற்று தடையில்லாமல் ஓடும் தூரம் கூடக் கூட அலையும் கூடும். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்தான் மடை; நாரை ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம் என்று பொருள். அப்படிப்பட்ட பரப்பில் புதியவர் நடுவே போகவே கூடாது. கரையை ஒட்டி, நீந்திக் கரையேறக்கூடிய தூரத்துக்குள் ஓட்டினால் போதும். முதல் தடவைக்கு அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள கண்மாயே தாராளம்.

படம் சொல்லாததை ஊர் சொல்லும். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலப்பரப்பு, நூறு ஏக்கருக்கு மேற்பட்ட கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அனுமதியை அங்கே கேளுங்கள். கண்மாய் மீன் ஏலம் போயிருந்தால் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவர் வலை எங்கே கிடக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நைலான் வலை தண்ணீருக்கு அரையடி கீழே கிடந்தாலும் கண்ணில் படாது. துடுப்பைப் பிடித்து இழுத்துப் படகைச் சாய்த்துவிடும். எல்லாரையும்விட அதிகம் தெரிந்தவர், மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சி. "அண்ணே, எந்த மடை இப்போ திறந்திருக்கு? கலுங்கு ஓடுதா?" இந்த இரண்டையும் கேட்காமல் இறங்காதீர்கள். கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் வழியும் இடம்தான் கலுங்கு. திறந்த மடையின் வாய் மேலே சலனமில்லாமல் இருக்கும், உள்ளே இழுக்கும். குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளியே இருங்கள். கலுங்கு ஓடும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். கோடையில் மீன்பிடித் திருவிழாவுக்காக மீனைக் காத்துவைத்திருக்கும் ஊர்களில், திருவிழா முடியும்வரை அந்தத் தண்ணீரைத் தொடாமல் இருப்பதுதான் மரியாதை.

இறங்குமிடம் மாடு இறங்கும் துறையாக இருக்கட்டும். மாடு தினமும் மிதித்த சரிவில் மண் இறுகியிருக்கும். கரைப் பக்கம், அலை அரிக்காமலிருக்கப் பதித்த அலைகல் படகின் அடியைக் கிழிக்கும். கரைக்கு எதிரே உள்வாய்ப் பக்கம் கரம்பைச் சேறு முழங்கால்வரை உள்வாங்கும்.

ஜனவரியில் வாடை காலையில் மெல்ல வீசி, ஒன்பது மணிக்கு மேல் வலுக்கும். ஆகவே முதலில் காற்றை எதிர்த்து வடகிழக்காகப் போங்கள், திரும்பும்போது களைத்த கைக்கு அதே காற்று உதவும். அமைதியான நீரில் புதியவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போகலாம், ஆனால் திட்டத்தில் மூன்று என்றே எழுதுங்கள். போக இரண்டு, வர இரண்டு என்றால் ஒரு மணி இருபது நிமிடம், ஓய்வோடு சேர்த்து இரண்டு மணி நேரம். ஆறே முக்காலுக்கு இறங்கினால் ஒன்பதரைப் பலகாரத்துக்கு வீட்டில் இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடி மின்னல் வழக்கம் என்பதால் மாலைப் பயணம் கூடாது.

இப்போது கடல். கடலோரக் கிராமமான காரங்காட்டில் வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்டலாம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகச் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். முதல் தடவை போகிறவர்கள் சொந்தப் படகை வீட்டில் வைத்துவிட்டு அங்கேயே எடுத்துக்கொள்வது நல்லது, வழி தெரிந்தவர்கள் கூட வருவார்கள். பாக் விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் கடலே ஆழமில்லாததால், அரை மீட்டர் இறங்கினாலே சேற்றுத் திட்டு வெளியே வந்துவிடும். நீர் ஏறும்போது உள்ளே போய், இறங்கத் தொடங்கும்முன் வெளியே வாருங்கள். அந்த நேரம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. அலையாத்தியின் மூச்சு வேர்கள் ஆணிபோல நிமிர்ந்து நிற்கும்; காற்றடைத்த படகு அவற்றின் மேல் உட்கார்ந்தால் ஓட்டைதான்.

திறந்த கடலில் எங்களை அதிகம் பயமுறுத்துவது, ஆடி மாதத்துத் தொண்டிக் கடற்கரையின் கண்ணாடி போன்ற தண்ணீர். அப்போது வீசுவது கச்சான். மேற்கிலிருந்து வருவதால் கரையோரம் மரங்களின் மறைவில் அலையே இருக்காது. முந்நூறு மீட்டர் உள்ளே போனால் அதே காற்று முதுகில் பிடித்துக் கிழக்கே தள்ளும். திரும்பிப் பார்க்கும்போதுதான் அதை எதிர்த்து வர வேண்டும் என்பது புரியும். வாடைக்காலக் கடலின் கொந்தளிப்பு கண்ணுக்குத் தெரிவதால் யாரும் இறங்குவதில்லை. கச்சானின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கரையிலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசும் நாளில் கடலில் இறங்காதீர்கள், எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சரி. முந்தின இரவு இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) தரும் கடல்நிலை அறிவிப்பையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். வானிலைக்காக மீனவர்களுக்குத் தடை என்றால் நமக்கும் தடைதான்.

புறப்படுமுன் வீட்டில் பெரியப்பாவிடமோ அத்தையிடமோ ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கண்மாய், கார் நிற்கும் இடம், எத்தனை பேர், கரையேறும் நேரம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. கடலென்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093, கண்மாயென்றால் 112. வாய்வழியாகச் சொன்னது விசேஷ வீட்டு இரைச்சலில் மறந்துபோகும்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு வாரை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். மோவாய்க்கு மேல் ஏறினால் அது உங்களுக்குப் பெரியது. கழுத்தில் விசில், பதினைந்து மீட்டர் கயிறு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நீர்புகாப் பையில் போன். கவிழ்ந்தால் ஏறும் வித்தையை மார்பளவுத் தண்ணீரில் மூன்று முறை பழகிவிடுங்கள்: காலை உதைத்து உடலை மட்டமாக்கி, மார்பைப் படகின் குறுக்கே இழுத்துப் போட்டுப் புரள வேண்டும்.

காற்றடைத்த படகை வால்வு அருகே அச்சிட்டுள்ள அழுத்தத்துக்குமேல் அடிக்காதீர்கள். காலைக் குளிரில் முழுக்க அடித்துவிட்டு வெயிலில் கரையேற்றிப் போட்டால், உள்ளே காற்று விரிந்து தையல் விடும். கரையேற்றியவுடன் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். கருவேல முள் குத்தினால் சோப்பு நுரை தடவி இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டலாம், ஆனால் பசை இறுக ஒரு நாள் ஆகும். அடியில் ஒட்டிய ஆகாயத்தாமரைத் துண்டுகளை அந்தக் கரையிலேயே, தண்ணீர் எட்டாத இடத்தில் பிய்த்துப் போடுங்கள். அடுத்த கண்மாய்க்குப் போனால் அங்கே பரவிவிடும். உப்புத் தண்ணீரில் போனதை நல்ல தண்ணீரில் கழுவி, வளவு (வீட்டு முற்றம்) நிழலில் மடிப்பில்லாமல் விரித்து உலர்த்துங்கள். மடிப்புக்குள் ஈரம் இருந்தால் ஊர் திரும்புவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.