களிமண் முற்றத்துக்கு என்ன மரம்?

நர்சரியில் ‘தாஹான் பானாஸ்’ (வெயில் தாங்கும்) என்று சொல்லி விற்கும் செடிகள் பல, கோலாலம்பூர் வீட்டு முற்றத்தில் அழுகித்தான் சாகின்றன. வெயில் தாங்கும் செடிக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் போல மழை கொட்டும் ஊரில், வேர் ஈரத்தைத் தாங்குமா என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் மண்ணைப் பாருங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையா? அடியில் இறுகிய களிமண். பலர் அங்கேயே ஆழத் தோண்டி, மூட்டை மூட்டையாகக் கறுப்பு மண்ணைக் கொட்டி நடுகிறார்கள். சுற்றிலும் களி, நடுவில் பொலபொல மண் என்றால் அது வாளிதான். சாயங்கால மழைக்கு நிரம்பும், வடியாது. இலை மஞ்சளாகித் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள், பாவம்.

குழி, வேர்க்கட்டியின் பாதி உயரத்துக்குப் போதும். மீதிப் பாதிக்கு மண்ணை மூன்றடி அகலத்துக்கு மேடாக அணையுங்கள்: தோண்டிய மண் மூன்று பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை நறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் அவையே அடிமரத்தை நெரிக்கும்.

வரிசை வீட்டுக்கு என் முதல் தேர்வு கெமுனிங் என்ற வெள்ளைப் பூக் குறுமரம். மெதுவாக வளரும், எட்டடியில் வெட்டி நிறுத்தலாம், பூ மணக்கும். ஆனால் எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை வகை) வளர்க்கும் வீட்டில் வேண்டாம். அவற்றின் இலையை மஞ்சளாக்கி, காயைக் கோணலாக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி, கெமுனிங் துளிரிலும் பெருகும்.

கெம்போஜாவை (ஈழத்தலரி) இடுகாட்டு மரம் என்று ஒதுக்குவோர் உண்டு. அது அவரவர் மனசு. மேட்டில் வைத்தால் நிற்கும், பள்ளத்தில் அடித்தண்டு அழுகும். இலையின் அடியில் ஆரஞ்சுத் தூள் தெரிந்தால் துரு நோய். விழுந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். கொன்றை ஆசை வேண்டாம். முப்பதடி தாண்டும், பூக்க வறண்ட மாதங்களும் வேண்டும். அது பினாங்குக்கு ஓரளவு வாய்க்கும், இங்கே அரிது.

கால்வாய் ஓர ஈரத்துக்குக் கல்வாழை. பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள், பக்கத்தில் புதிது கிளம்பும். சுருண்ட இலையைப் பிரித்தால் உள்ளே புழு இருக்கும், கையாலேயே நசுக்கலாம். நந்தியாவட்டை எங்கும் வரும்.

இட்லிப்பூவை மதிலை ஒட்டி வரிசையாக நடுவது இங்கே பழகிப்போன தப்பு. இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைப் போக்கிவிடுவதால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. யூரியா போட்டால் இது தீராது. செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் கிடைக்கும் செலேட் இரும்பை இலையில் தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும். நடும்போதே மதிலிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தால் அந்தச் செலவும் மிச்சம்.