ஐந்து சதவீதம், ஆனால் எதன் மீது? மாசசூசெட்ஸில் கேபிள் உரிமம் புதுப்பித்த அனுபவம்

மாசசூசெட்ஸில் கேபிள் உரிமம் கொடுப்பது மாநில அரசு அல்ல, ஊர்தான். டவுன் என்றால், அதை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவான செலக்ட் போர்டு கையெழுத்துப் போட வேண்டும். புதுப்பிக்கும் உரிமம் அதிகபட்சம் 10 வருடத்துக்கு. இப்போது ஒரு வரியில் கோட்டை விட்டால், ஊர்க் கூட்டங்களையும் ஊர்க்காரர்கள் செய்யும் நிகழ்ச்சிகளையும் காட்டும், கேபிள் கம்பெனி தரும் பணத்தில் நடக்கும் ஊர்ச் சேனல் அத்தனை காலமும் அதன் நஷ்டத்தைச் சுமக்கும்.

உரிமம் முடிய 36 மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். 36-க்கும் 30-க்கும் இடைப்பட்ட அந்த ஆறு மாதத்தில் கம்பெனியிடமிருந்து புதுப்பிக்கக் கேட்டுக் கடிதம் வரும். பேசியே முடித்துக்கொள்ளலாம் என்றும் பெரும்பாலும் அதில் எழுதியிருப்பார்கள். தாராளமாகப் பேசுங்கள், ஆனால் ஊர் மக்கள் வந்து கருத்துச் சொல்லும் பொது விசாரணையைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு முறிந்தால் ஊருக்கு என்ன தேவை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். "சேனல் நன்றாக இருக்கிறது" என்ற சாட்சியம் அங்கே உதவாது. "பள்ளிக் கமிட்டிக் கூட்டத்தில் பேசுவது கேட்பதில்லை", "ஹெச்டி சேனல் வேண்டும்" போன்றவை உதவும். தமிழில் நிகழ்ச்சி செய்ய விரும்புகிறவர்களும் வந்து பேசட்டும். அதுவும் ஊரின் தேவைதான்.

இனி பணம். கூட்டாட்சிச் சட்டப்படி ஊர் கம்பெனியிடம் கேட்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு, கேபிள் சேவையின் மொத்த வருவாயில் 5%. இன்டர்நெட் வருவாய் இதில் சேராது. சதவீதத்துக்காக மல்லுக்கட்டுவதைவிட "மொத்த வருவாய்" என்பதன் வரையறையில் கண் வைப்பதே முக்கியம் என்பது எங்கள் முடிவு. ஒரு கணக்கு பாருங்கள். தனித்தனியாக டிவி 80, இன்டர்நெட் 70, போன் 30 என்று 180 டாலர் ஆகிறது. மூன்றையும் சேர்த்து 150-க்குக் கொடுக்கிறார்கள். 30 டாலர் தள்ளுபடி முழுவதையும் டிவி மேல் ஏற்றினால் டிவி வருவாய் 50, ஊருக்கு 2.50. விகிதப்படி பிரித்தால் 66.67, ஊருக்கு 3.33. ஒரு வீட்டுக்கு, ஒரு மாதத்துக்கே இவ்வளவு வித்தியாசம். "தள்ளுபடி விகிதப்படி பிரிக்கப்படும்" என்ற வரி உரிமத்திலேயே இருக்க வேண்டும். விளம்பர வருவாயும் கேபிள் பெட்டி வாடகையும் வரையறையில் பெயர் சொல்லி இருக்கட்டும்.

கேமரா, கேமராக்களுக்கிடையே காட்சியை மாற்றும் ஸ்விட்சர், ஒளிபரப்பு சர்வர் வாங்கும் மூலதனப் பணம் அந்த 5%-க்கு வெளியே, தனியாகக் கேட்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் வாங்கிய வருடம், மாற்ற வேண்டிய வருடம் போட்டுப் பட்டியல் கொடுங்கள். சர்வர் 10 வருடம் தாங்காது. ஒரு முறை மாற்றுவதற்கு மட்டும் கணக்குப் போடுவது பலரும் செய்யும் தவறு. அந்தப் பணத்தில் சம்பளம் கொடுத்தால், 5%-இல் அதைக் கழிக்கக் கம்பெனிக்கு இடம் கிடைத்துவிடும்.

பள்ளிக்கும் நூலகத்துக்கும் இலவச இணைப்பு கேட்குமுன் யோசியுங்கள். 2019-இல் எஃப்சிசி (கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம்) போட்ட உத்தரவுக்குப் பிறகு அவையும் 5%-இல் கழிக்கப்படலாம். 2021-இல் நீதிமன்றம் அதைத் திருத்தியதால், சந்தை விலைக்குப் பதில் கம்பெனிக்கு ஆகும் கூடுதல் செலவை மட்டுமே கழிக்க முடியும்.

செக் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. மாநிலச் சட்டம் 44-ஆம் அத்தியாயம், 53எஃப்¾ பிரிவை டவுன் மீட்டிங் (ஊரின் வரவு செலவை ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் கூட்டம்) ஏற்று ஓட்டுப் போட்டிருந்தால் பணம் தனி நிதியில் சேரும். இல்லாவிட்டால் ஊரின் பொது நிதியில் கலந்துவிடும். தனி நிதியில் இருந்தாலும் ஒதுக்கீட்டுக்கு வருடா வருடம் ஓட்டு வேண்டும். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால், வசந்தகால டவுன் மீட்டிங்கின் வாரண்டில், அதாவது நிகழ்ச்சி நிரலில், அந்த ஒதுக்கீட்டுக்கான ஆர்ட்டிகிள் ஏறியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.