பிரேக் டியூட்டி: ஒரு வேலூர் விடுதி மேலாளரின் நாட்குறிப்பு

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

இன்று எங்கள் விடுதி உணவகத்தில் பரிமாறும் இன்னொரு சப்ளையரும் கணக்கு முடித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனார். சம்பளத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு தவணையாகப் பார்க்கும் பிரேக் டியூட்டி தாங்க முடியவில்லை என்றார். காலை 7 முதல் 11 வரை டிபன், மறுபடி மாலை 6 முதல் 10 வரை என்பதால், நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் வகுத்த வரம்புக்குள் அவருடைய வேலை நேரம் பதிவேட்டில் அடங்கிவிடுகிறது. ஆனால், அவருடைய ஊரான ஒடுகத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்த் திரும்பினால் அந்த இடைவேளையில் பெரும் பங்கு பயணத்திலேயே கரைந்துவிடும். மதியம் முழுவதும் லினன் அறையில், துவைக்கப் போகவேண்டிய பெட்ஷீட் மூட்டையில் தலை சாய்த்து, செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்திருப்பார். அந்த நேரத்தை ஓய்வு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

தேசிய விடுமுறை என்றாலும், சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்களுக்கு அறை கூட்டியாக வேண்டும், தண்ணீர் கொடுத்தாக வேண்டும். இன்று வேலை செய்தவர்களுக்கு இரட்டைச் சம்பளமோ, சம்பளத்துடன் மாற்று விடுப்போ சட்டப்படி உண்டு. பெரும்பாலோர் மாற்று விடுப்பையே கேட்டார்கள்.

21 ஆகஸ்ட், வியாழன்

முதலாளியிடம் பேசி, உணவகத்தில் காலை 6 முதல் 2, பிற்பகல் 2 முதல் 10 என்று நேர் ஷிப்டு கொண்டுவந்திருக்கிறோம். மதியம் ஆள் கூடுதலாகத் தெரிகிறதே என்று அவர் தயங்கினார். ஆள் போகப் போகப் புதியவருக்கு வேலை பழக்குவதில் ஆகும் செலவைக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். சிறந்த ஊழியர் என்று வரவேற்பறையில் புகைப்படம் மாட்டும் யோசனையும் வந்தது. மாட்டலாம்தான், ஆனால் அறை சுத்தம் செய்யும் அக்கா கேட்டது வேறு.

“வார லீவு எந்த நாளா இருந்தாலும் பரவால்ல சார், முன்னாடியே சொல்லிடுங்க. பொண்ணு ஸ்கூல் மீட்டிங்குக்கு ஒருவாட்டியும் போனதில்ல.”

இனி அடுத்த வாரத்துக்கான டியூட்டி சார்ட்டை வெள்ளிக்கிழமையே ஒட்டிவிட வேண்டும்.

28 ஆகஸ்ட், வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி. யார் யாருக்கு விடுப்பு என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால், சொல்லாமல் நின்றவர் ஒருவரும் இல்லை. இரவு 10 மணிக்கு முடிப்பவர்களுக்கு ஊர்ப்பக்கம் பஸ் கிடைப்பதுதான் இன்னும் சிக்கல். கடைசி ஆர்டரை 9 மணியோடு நிறுத்திவிட முடியுமா என்று நாளை சமையல் மாஸ்டரிடம் கேட்க வேண்டும்.