குதிரைக்கு உப்புக்கட்டி வைக்கிறதுக்கு முன்னாடி

போன சித்திரை வெயில்ல எங்க கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை செவுத்த நக்க ஆரம்பிச்சா, கட்டியிருந்த கயித்தையும் விடல, அப்பதான் இவளுக்கு உப்பு பத்தலயோன்னு எனக்கு உறைச்சுது. குதிரைக்கு வேர்வைல உப்பு நிறைய போயிடும், புல்லுலயும் சோடியம் கம்மி, அதனால 500 கிலோ குதிரைக்கு சும்மா நிக்கிற நாள்லயே 25-30 கிராம் உப்பு வேணும், ஓடி வேர்த்துச்சுன்னா அதுக்கும் மேல.

கட்டிய தொங்கவிட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மாட்டு நாக்கு சொரசொரன்னு இருக்கும், குதிரை நாக்கு வழவழன்னு இருக்கும், நக்கியே தேவையானத எடுக்கிறது எல்லா குதிரைக்கும் முடியாது, சிலது பொறுமையில்லாம கடிக்கவும் செய்யும். அதனால நான் தூள் உப்ப தீவனத்துல கலந்துடறேன், கூட இந்துப்பு கட்டி ஒன்னு மழை படாத இடத்துல கெடக்கும்.

மாட்டுக்கு விக்கிற மினரல் கட்டிய மட்டும் தயவுசெஞ்சு வைக்காதீங்க. சிலதுல மோனென்சின் (monensin)ங்கிற ஒரு மருந்து கலந்திருக்கும், மாட்டுக்கு அந்த அளவு ஒன்னும் பண்ணாது, குதிரைக்கு கொஞ்சம் உள்ள போனாலே இதயத் தசைய கெடுத்து உயிரையே எடுத்துடும். யூரியா கலந்த கட்டியும் வேண்டாம். கடைல "எல்லாம் ஒன்னுதாங்க"ன்னு சொன்னாங்க, லேபிள்ல என்ன கலந்திருக்குன்னே போடல, திருப்பி குடுத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம் தண்ணி. உப்பு வைக்கிற எடத்துல தொட்டி எப்பவும் நிறைஞ்சு சுத்தமா இருக்கணும். தண்ணிலயே உப்பு கலக்கறதா இருந்தா பக்கத்துல சாதா தண்ணியும் வைங்க, எங்காளு உப்புத்தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குவா.