500 பவுண்ட் பயிருக்கு 10,000 பவுண்ட் காவல்

1880 நவம்பர். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு அறுவடை. பயிரின் மதிப்பு சுமார் 500 பவுண்ட். அதைக் காக்க ஆன செலவு சுமார் 10,000 பவுண்ட்!

எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்த கேப்டன் பாய்காட், குத்தகைதாரர்களை வெளியேற்றக் கிளம்பினார். ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. வயலுக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை. அடிதடி வேண்டாம், ஒதுக்கி வையுங்கள் என்று எனிஸ் ஊர்க் கூட்டத்தில் அயர்லாந்துத் தலைவர் பார்னெல் சொன்ன வழிதான் இது. கடைசியில் வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டிவந்து, படையின் காவலில் கிழங்கு தோண்டினார்கள்.

மறு வருடமே பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் நிலச் சட்டம் கொண்டுவந்தார். நியாயமான குத்தகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். நல்ல சட்டம்தான். ஆனால் அதே 1881இல் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கவும் ஒரு சட்டம்! பார்னெலே கில்மைனம் சிறைக்குப் போனார்.

அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர கிளாட்ஸ்டன் கொண்டுவந்த மசோதாக்கள் 1886, 1893 இரண்டு முறையும் தோற்றன. அப்புறம் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியினர் வேறு கணக்குப் போட்டார்கள்: நிலத்தைக் கொடுத்தால் தன்னாட்சிக் கோரிக்கை அடங்கிவிடும். 1903இல் விண்டம் சட்டம், அரசுக் கடனில் குத்தகைதாரரே நிலத்தை வாங்க வழிசெய்தது. தவணைக் காலம் 68½ வருடம். (நம் வீட்டுக்கடனெல்லாம் சும்மா!) நிலம் கைமாறியது, கோரிக்கை அடங்கவில்லை.

1922இல் அயர்லாந்துக்குத் தனி அரசு வந்தது. தவணை மட்டும் லண்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1932இல் அயர்லாந்து அரசின் தலைவர் டி வலேரா அதை நிறுத்த, பதிலுக்கு பிரிட்டன் அயர்லாந்து மாடுகளுக்கு வரி போட்டது. 1938இல் ஒரு கோடி பவுண்ட் மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.